உண்பவரின் கைப்பக்குவம்

புனேயின் பழைய பேட்டைகளில் ஒன்றான நாராயண் பேட்டில் காலைப் பசிக்கு மிசல் தேடிப் போகிறவர் முன்னால் வைக்கப்படுவது பாதி சமைத்த பண்டம். மீதியை அவர்தான் முடிக்க வேண்டும். தட்டில் முளைகட்டிய நரிப்பயற்று உசல் இருக்கும். அதன்மேல் போஹே என்கிற அவல், உருளைக்கிழங்குப் பாஜி, சிவ்டா, சேவ், பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி. பக்கத்தில் பிரெட் துண்டுகள், ஓர் எலுமிச்சைத் துண்டு. தனிக் கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க ரஸ்ஸா என்னும் காரச் சாறு. அதற்குப் புனேக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சாம்பிள்’. அதை எவ்வளவு ஊற்றுவது, சேவ் மொறுமொறுப்பாக இருக்கும்போதே தின்பதா, ஊறவிட்டுக் குழைத்துத் தின்பதா, எலுமிச்சையை முதலிலேயே பிழிவதா, காரம் தலைக்கேறிய பிறகா என்பதெல்லாம் சாப்பிடுகிறவரின் முடிவு. மிசல் என்ற மராட்டிச் சொல்லுக்கே கலப்பு என்றுதான் பொருள். கலப்பவர் யார் என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. ஒரே அடுப்பிலிருந்து வரும் பத்துத் தட்டுகள் பத்து ருசியாக முடிவதைப் பார்த்தால் அதற்கு விடை கிடைத்துவிடும்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே, முளா-முட்டா ஆற்றுக்கு அருகே, கோரேகான் பார்க். ஆலமரங்கள் கவிந்த சந்துகளும் பழைய பங்களாக்களும் உள்ள பகுதி. 1974இல் ஓஷோ ஆசிரமம் இங்கு வந்ததிலிருந்து வெளிநாட்டார் வரத்தும், அவர்கள் நாவுக்கேற்ற கடைகளும் பெருகின. இந்தப் பகுதியில்தான் 1997இல் பிரஃபுல் சந்தாவர்க்கரும் சீரு சந்தாவர்க்கரும் மலாகா ஸ்பைஸ் உணவகத்தைத் தொடங்கினார்கள். தென்கிழக்கு ஆசியச் சமையலைப் புனேக்குப் பழக்கியதிலும், சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு ஹிஞ்சவடியிலும் கராடியிலும் மென்பொருள் நிறுவனங்கள் எழுந்தன. இந்தியாவிலிருந்து வியட்நாமுக்கு நேரடி விமானங்கள் பறக்கத் தொடங்கின. ஹனோயின் ஃபோ என்னும் நூல் சாற்றையும் சைகோனின் பான் மி என்னும் ரொட்டிச் சாண்ட்விச்சையும் நேரில் உண்டு திரும்பியவர்கள் நகரெங்கும் இருக்கிறார்கள். நடைபாதையில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு விற்கப்படும் பண்டம் மங்கிய விளக்கொளியும் துணி நாப்கினும் உள்ள மேசைக்கு ஏறி வருகிறது. அப்படி ஏறி வரும்போது அது எதைக் கீழே விட்டுவிடலாம், எதைக் கட்டாயம் கையோடு கொண்டுவர வேண்டும்?

முக்காலியை விட்டுவிடலாம். இரைச்சலையும் வெயிலையும் விட்டுவிடலாம். மலிவு விலையைக்கூட, வருத்தத்தோடு, விட்டுவிடலாம். விடக்கூடாதது ஒன்றே ஒன்று: உண்பவரின் கைக்கு ஒதுக்கப்பட்ட கடைசி வேலை. தமிழில் கைப்பக்குவம் என்று சொன்னால் சமைப்பவரின் கையைத்தான் நினைக்கிறோம். சோற்றையும் குழம்பையும் பிசைந்து, அப்பளத்தை நொறுக்கி, ஊறுகாயைத் தொட்டு, கவளத்துக்குக் கவளம் அளவு மாற்றி உண்ணும் நமக்கு, உண்பவரின் கைக்கும் ஒரு பக்குவம் உண்டு என்பது தெரியாததல்ல. அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். வியட்நாமின் தெரு உணவு முழுவதும் இந்த இரண்டாவது கைப்பக்குவத்தின்மேல் எழுந்து நிற்கிறது. அதை எடுத்துவிட்டு மீதியை எவ்வளவு அழகாகப் பரிமாறினாலும் அது வேறொரு பண்டம்.

சான்றுக்குப் பண்டங்களையே பார்க்கலாம். பான் ஸேயோ என்பது அரிசி மாவும் மஞ்சளும், தெற்கே தேங்காய்ப்பாலும் சேர்த்து வார்க்கும் அடை. ‘ஸேயோ’ என்பது நாம் தோசைக்கல்லில் கேட்கும் ‘சொய்’ ஓசையின் வியட்நாமிய வடிவம். இறாலும் பன்றியிறைச்சியும் முளைப்பயறும் உள்ளே வைத்து மடித்துத் தருவதோடு கடைக்காரர் வேலை முடிகிறது. உண்பவர் அதைப் பிய்த்து, கடுகுக்கீரை இலையிலோ லெட்யூஸ் இலையிலோ வைத்து, புதினாவும் மற்ற மணத்தழைகளும் அடுக்கி, சுருட்டி, மீன்சாறும் எலுமிச்சையும் சர்க்கரையும் மிளகாயும் கலந்த நீரில் தோய்த்து உண்கிறார். சூடான அடை, பச்சை இலை, புளிப்பு நீர் மூன்றும் வாயில்தான் முதன்முறை சந்திக்கின்றன. ஐந்து நிமிடம் முன்னால் சந்தித்தால் அடை நமுத்துவிடும், இலை வாடிவிடும். ஹனோயின் புன் சாவிலும் இதே முறைதான்: கரியில் சுட்ட இறைச்சி ஒரு கிண்ணம், சேமியா போன்ற அரிசி நூல் ஒரு தட்டு, தழைகள் ஒரு கூடை. 2016இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் சமையற்கலைஞர் அந்தோணி போர்டெய்னும் ஹனோய்க் கடை ஒன்றில் 6 டாலருக்கு உண்டது இதைத்தான். அவர்கள் உட்கார்ந்த மேசையைக் கடைக்காரர்கள் பிற்பாடு கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டார்கள். அதிபருக்கும் நூலை எடுத்துத் தோய்க்கும் வேலையை வேறு யாரும் செய்து தரவில்லை.

இந்தப் பழக்கம் அழகுணர்ச்சியிலிருந்து தொடங்கியதாகத் தெரியவில்லை. தோள்சுமையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோயிலும் நாம் தின் பகுதியிலும் ஃபோ விற்றவர்கள் தோளில் காவடி போலக் கழியைத் தாங்கி, ஒரு பக்கம் அடுப்பும் சாறும், மறுபக்கம் கிண்ணமும் நூலும் இறைச்சியும் சுமந்து தெருத்தெருவாகப் போனார்கள். இடம் இல்லை, ஆள் இல்லை, நேரம் இல்லை. பல மணி நேரம் எலும்பை வேகவிட்டு, சுட்ட இஞ்சியும் வெங்காயமும் அன்னாசிப்பூவும் பட்டையும் கறுப்பு ஏலமும் சேர்த்து இறக்கிய சாறு ஒன்றுதான் அவர்கள் முழுப் பொறுப்பேற்ற வேலை. மற்றது வாங்குபவரின் பங்கு. வறுமை கட்டாயப்படுத்திய வேலைப் பிரிவினை காலப்போக்கில் ருசியின் இலக்கணமானது. சமைப்பவர் ஆழத்துக்குப் பொறுப்பு. உண்பவர் மேற்பரப்புக்குப் பொறுப்பு. மிசலிலும் இதே பிரிவினை இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. நின்றபடி வேகமாக உண்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பிறந்த பண்டங்கள் உலகெங்கும் இப்படி ஒரு வேலையை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்தே பிழைத்திருக்கின்றன.

இங்கே முதல் மறுப்பு ஹனோயிலிருந்தே வரும். வடக்கத்தி ஃபோ கிட்டத்தட்ட முழுமையாகவே மேசைக்கு வருகிறது. வெங்காயத்தாள் தூவியிருக்கும், அவ்வளவுதான். 1954இல் ஜெனீவா உடன்படிக்கை நாட்டைப் பிரித்து, லட்சக்கணக்கான வடக்கத்தியர் தெற்கே போன பிறகுதான் சைகோனில் தழைத்தட்டும் முளைப்பயறும் ஹாய்சின் குழம்பும் ஃபோவோடு சேர்ந்தன. ஆகவே உண்பவரின் கை என்பது தெற்கின் வழக்கம், அதை முழு வியட்நாமுக்கும் விதியாக்கக்கூடாது என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் ஹனோய்க்காரர் அந்த வேலையை உதறிவிடவில்லை, வாய்ச்சொல்லால் செய்கிறார். அரைவேக்காட்டு இறைச்சியா, முழுக்க வெந்ததா, நெஞ்சுப் பகுதியா, கொழுப்புள்ளதா என்று கடை வாசலிலேயே சொல்லிவிடுகிறார். மேசையில் பூண்டு ஊறிய காடியும் மிளகாயும் எலுமிச்சையும் காத்திருக்கின்றன. சாற்றில் தோய்க்க எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி தனியே வருகிறது. தெற்கில் கை செய்வதைக் கொஞ்சம் வடக்கில் நாக்கு செய்கிறது. இரண்டிலும் கடைசி முடிவு சமையலறைக்கு வெளியேதான் இருக்கிறது.

சொகுசு உணவகத்தில் இது நடக்குமா என்பதற்கு, சைகோனிலேயே ஒரு சோதனைக் களம் இருக்கிறது. பழைய சந்தைப் பகுதியில், டோன் தாட் டாம் தெருவில், 2017இல் பீட்டர் குவோங் ஃபிராங்க்ளின் திறந்த ‘ஆன் ஆன்’ உணவகம் தெரு உணவைப் புதிய சமையலாக வார்ப்பதையே கொள்கையாகக் கொண்டது. ஆன் என்றால் உண் என்று பொருள். பெயரே இரண்டு முறை உண்ணச் சொல்கிறது. தா லாத்தில் பிறந்து, போர் முடிந்த ஆண்டில் சிறுவனாக நாட்டை விட்டுப் போய், வங்கித்துறையில் வேலை பார்த்துவிட்டுச் சமையலுக்கு வந்தவர் அவர். ஃபுவா கிராவும் ட்ரஃபிளும் சேர்த்து 100 டாலருக்கு அவர் விற்ற பான் மி உலகச் செய்தியானது. 2023 ஜூனில் மிஷ்லின் கையேடு முதன்முறை ஹனோய்க்கும், சைகோனின் இன்றைய பெயரான ஹோ சி மின் நகருக்கும் வந்தபோது ஒரு நட்சத்திரம் பெற்ற நான்கு உணவகங்களில் இதுவும் ஒன்று. சைகோனில் அப்போது இது மட்டுமே. அதே கையேடு எளிய ஃபோ கடைகள் பலவற்றையும் தன் மலிவு விலைப் பட்டியலில் சேர்த்தது. இந்த உணவகத்தின் பெயர்பெற்ற பண்டங்களில் ஒன்று, பான் ஸேயோவை டாக்கோ ஓடுபோல மொறுமொறுவென வளைத்துத் தருவது. இலையில் சுற்றும் வேலை போய்விட்டது, உண்மைதான். ஆனாலும் கையால் எடுத்து, நொறுங்கும் முன் கடித்தாக வேண்டிய அவசரம் மிஞ்சியிருக்கிறது. 100 டாலர் ரொட்டியைவிட இந்தச் சிறிய முடிவில்தான் சமையற்காரரின் நுட்பம் தெரிகிறது: தெருவிலிருந்து எதை எடுத்துவர வேண்டும் என்று அவர் யோசித்திருக்கிறார்.

அடுத்த மறுப்பு விலையைப் பற்றியது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏழைகள் உருவாக்கிய பண்டத்தைப் பணக்காரர் மேசைக்குக் கொண்டுபோய்ப் பல மடங்கு விலை வைப்பது சுரண்டல் அல்லவா என்ற கேள்வி சைகோனிலும் புனேயிலும் ஒன்றுபோலவே பொருந்தும். ‘ஆன் ஆன்’ திறந்த அதே 2017இல்தான் சைகோனின் முதலாம் மாவட்டத்தில் நடைபாதைகளை மீட்பதாகச் சொல்லிக் கடைகளை அகற்றும் இயக்கம் கடுமையாக நடந்தது. இந்தியாவில் தெரு வியாபாரிகளின் பிழைப்பைக் காக்க 2014இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் வண்டிக்காரரின் இடம் எந்த நகரிலும் உறுதியானது அல்ல. நடைபாதையில் இருந்தால் அகற்றப்படும் பண்டம், கண்ணாடிக் கதவுக்குள் போனால் கொண்டாடப்படுகிறது. இந்த அநீதிக்கு உணவகம் காரணமல்ல என்றாலும், அதனால் பயன்பெறும் இடத்தில் அது இருக்கிறது. வாடகை, குளிர்சாதனம், பயிற்சி பெற்ற ஆட்களின் சம்பளம், தொலைவிலிருந்து வரும் பொருள்கள் எல்லாம் விலையை ஏற்றும் என்பது சரி. அந்த விலைக்கு ஈடாக உணவகம் தெருவுக்குத் தரவேண்டிய குறைந்தபட்சக் கடன், தெரு கண்டுபிடித்ததைச் சிதைக்காமல் தருவது. ஆழமான சாறும் உண்பவரின் உரிமையுமே அந்தக் கண்டுபிடிப்பு. நாற்காலிக்கு வாங்கும் பணத்தில் ஒரு பங்கு தழைத்தட்டுக்கும் போகட்டும். பணத்தை வாங்கிக்கொண்டு தழைத்தட்டை நாலு இலை அலங்காரமாகச் சுருக்கிவிட்டால், விலையைப் பற்றிய புகார் முழுக்க நியாயமாகிவிடும்.

மூன்றாவது மறுப்பு அசல் தன்மையைப் பற்றியது. மகாராஷ்டிரத்தில் பசுவதைத் தடை 1976 சட்டத்திலேயே இருந்தது. 2015இல் நடப்புக்கு வந்த திருத்தம் அதைக் காளைக்கும் எருதுக்கும் நீட்டியது. மாட்டெலும்புச் சாறுதான் ஃபோவின் உயிர் என்றால், புனேயில் ஃபோ என்ற பேச்சுக்கே இடமில்லை என்பார்கள். புனேயில் சைவம் உண்பவர்களும் ஏராளம். ஜைனர்களுக்கு வெங்காயமும் பூண்டும் கூடாது. ஆனால் ஃபோவின் வரலாறே மாற்றுப்பொருள்களின் வரலாறு. 1930களின் இறுதியில் வாரத்தில் சில நாட்கள் மாட்டிறைச்சி விற்கத் தடை இருந்ததால்தான் கோழி ஃபோ பரவியது என்று ஹனோயில் சொல்வார்கள். 1960களில், இறைச்சி கிடைக்காத போர்க்காலத்தில், அரசுக் கடைகள் வெறும் சாறும் நூலும் விற்றன. வானில் பறந்த ஆளில்லா அமெரிக்க உளவு விமானங்களை மனதில் வைத்து மக்கள் அதற்கு ‘ஓட்டுநர் இல்லாத ஃபோ’ என்று பெயர் வைத்தார்கள். வியட்நாமிய பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்கிறார்கள். அவர்களின் நோன்புச் சமையல், வெங்காயம் பூண்டு உள்ளிட்ட ஐந்து காரமணப் பொருள்களை விலக்குகிறது. இறைச்சியில்லாமல் சாறு காய்ச்சும் கலையை அவர்கள் எப்போதோ கற்றுவிட்டார்கள். புனேயின் ஜைனர் ஒருவருக்கு ஏற்ற ஃபோ ஹுவே நகரத்து மடங்களின் அடுக்களைக்கு அந்நியமாக இராது. பொருள் மாறலாம், உண்பவரின் பங்கு மாறாதவரை பண்டம் தன் பெயருக்கு உரியதாகவே இருக்கிறது.

தழைத்தட்டுக்கான செடிகள் இங்கே கிடைக்காது என்று சொல்லப்படுவதையும் ஆராய வேண்டும். ஃபோவின் ஓரத்தில் வைக்கும் ஹுங் க்வே, நாம் திருநீற்றுப்பச்சிலை என்று அழைக்கும் செடியின் இனம்தான். அதன் விதையைச் சப்ஜா என்ற பெயரில் புனே தன் ஃபலூடாவில் ஆண்டாண்டாகப் போட்டுவருகிறது. நீண்ட பல்விளிம்பு இலையுள்ள காட்டுக் கொத்தமல்லி அசாமிலும் மணிப்பூரிலும் அன்றாடச் சமையலில் இருக்கிறது. கொங்கண் கரையில் அரிசிமாவை அச்சில் பிழிந்து இனிப்புத் தேங்காய்ப்பாலில் உண்ணும் ஷிர்வளே, நம் இடியாப்பத்துக்கும் வியட்நாமின் புன் என்னும் அரிசி நூலுக்கும் உறவு. அதே கரையின் காவன் என்னும் மெல்லிய அரிசி அடை, பான் ஸேயோவுக்குப் பங்காளி. புனேக்கு மேற்கே முள்சியிலும் மாவளிலும் மாம்பூ மணக்கும் அம்பேமோஹர் அரிசி விளைகிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒருநாள் பயணத் தொலைவில் இருக்க, தொலைதேசத்துக் குப்பிகளை மட்டும் நம்பும் உணவகம் தன் ஊரையும் அறியவில்லை, வியட்நாமையும் அறியவில்லை. நவீனம் என்ற சொல்லுக்கு இங்கே ஒரு பொருள் கிடைக்கிறது. காவன் வார்க்கும் கைக்குப் பான் ஸேயோவைக் கற்றுக்கொடுப்பது, மாவளின் வயல் ஓரத்தில் மணத்தழை வளர்க்கச் சொல்லி உழவரோடு ஒப்பந்தம் போடுவது போன்றவைதான் உண்மையான புதுமை.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு சொந்தமும் உண்டு. ‘ஆன் ஆன்’ இருக்கும் தெருவிலிருந்து சற்று நடந்தால் டோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் நிற்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரித் தமிழர்கள் அலுவலர்களாகவும் காவலர்களாகவும் சைகோன் போனார்கள். செட்டிநாட்டார் வட்டித்தொழில் செய்தார்கள். வியட்நாம் மொழியில் இன்றும் கா-ரி என்றால் கறி. அது தேங்காய்ப்பால் சேர்ந்து, பிரெஞ்சு ரொட்டியோடு அங்கே உண்ணப்படுகிறது. திரும்பி வந்த குடும்பங்கள் புதுச்சேரியில் நெம் என்னும் பொரித்த சுருளைச் சுருட்டுவதை விடவில்லை. அந்த வீடுகளில் நெம் பொரித்து வைத்தால் கீரை இலையும் புதினாவும் தோய்க்கும் சாறும் தனித்தனியே வரும். நாடு மாறியது, பாட்டிக்குப் பிறகு பேத்தி வந்தாள், மீன்சாற்றின் அளவு குறைந்தது. சுற்றித் தோய்த்து உண்ணும் முறை மட்டும் அழியவில்லை. ஒரு சமையல் கடல் கடக்கும்போது எது கடைசிவரை உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கடைசி மறுப்பு சமையல் நிபுணர்களுடையது. வாடிக்கையாளருக்கு முறை தெரியாது. எலுமிச்சையை அதிகம் பிழிந்து, மிளகாய்க் குழம்பைக் கொட்டி, பன்னிரண்டு மணி நேரம் காய்ச்சிய சாற்றைக் கெடுத்துவிடுவார். ஆகவே எல்லாவற்றையும் சமையலறையிலேயே முடித்துத் தருவதுதான் தரம் என்பது அவர்கள் வாதம். இதில் அக்கறை இருக்கிறது, நம்பிக்கை இல்லை. முதன்முறை மிசல் உண்பவரும் சாம்பிளை அதிகம் ஊற்றிக் கண்கலங்குகிறார். இரண்டாம் முறை அளவு தெரிந்துவிடுகிறது. பிழை செய்ய இடமில்லாத இடத்தில் கற்றலும் இல்லை. பரிமாறுபவர் ஒருவர் அருகில் நின்று, முதலில் சாற்றை மட்டும் ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள், பிறகு தழையைக் கிள்ளிப் போடுங்கள், எலுமிச்சை கடைசியில் என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். தெருவில் பக்கத்து முக்காலிக்காரர் செய்யும் உதவி அது. உணவகத்தில் அதைச் செய்வதற்குத்தான் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். சொகுசு உணவகம் தெருவைவிட மேம்பட்டுக் காட்டக்கூடிய இடமும் இதுதான்: தழைகளை மண் போகக் கழுவி, தண்ணீர் வடித்து, எந்த இலை எதற்கு என்று சொல்லித் தருவது. கற்றுக்கொடுக்கும் பொறுமைக்கு விலை வைத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஆகவே புனேக்கு வரும் பயணி, வியட்நாம் தெரு உணவு என்று எழுதிய விலையுயர்ந்த மேசையில் உட்காரும்போது எதைப் பார்க்க வேண்டும்? சுவரில் தொங்கும் கூம்புத் தொப்பியையும் காகித விளக்கையும் பார்க்க வேண்டியதில்லை. ஃபோ வந்தால் சாறு தனியே குடிக்கத் தகுந்ததா, தழைகள் கிண்ணத்துக்கு வெளியே உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கலாம். அடை வந்தால் சுற்றுவதற்கு இலை வந்ததா, இலை முழுதாக இருக்கிறதா என்று பார்க்கலாம். பான் மி வந்தால் ரொட்டியின் மேல்தோல் நொறுங்குகிறதா, ஊறவைத்த காய்களின் புளிப்பு கொழுப்பை வெட்டுகிறதா என்று பார்க்கலாம். தோய்க்கும் நீரில் இன்னும் கொஞ்சம் மிளகாய் கேட்டால் பரிமாறுபவர் முகம் சுளிக்கிறாரா, மகிழ்ந்து கொண்டுவருகிறாரா என்பதையும் கவனிக்கலாம். இவற்றுக்கெல்லாம் நல்ல விடை கிடைத்தால் அந்த உணவகம் தெருவிலிருந்து வந்ததை மறக்கவில்லை. கொடுத்த பணத்துக்கு வருந்த வேண்டாம்.

மறுநாள் காலை நாராயண் பேட்டுக்குப் போனால் இதே சோதனையை அங்கும் செய்து பார்க்கலாம். அந்த மிசல் தட்டு எல்லாவற்றிலும் தேறிவிடும். கோரேகான் பார்க்கின் மேசைக்கும் அதற்கும் நடுவே விலையில் பெரும் தொலைவு இருக்கலாம். இரண்டு தட்டின் ஓரத்திலும் பிழியாத எலுமிச்சைத் துண்டு ஒன்று காத்திருக்கும்வரை, இரண்டும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன.